பனிக்காட்டில் ஒரு சிவப்பு விளக்கு

எண்ணெய் குறைந்ததை எஞ்சின் எப்படிச் சொல்கிறது?

குளிர் என்றால் நமக்குக் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும். அங்கே ஓர் இரவு தங்கி, சட்டைக்குமேல் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கியதையே ஊருக்கு வந்து பெரிய கதையாகச் சொல்வோம். ஆனால் கனடாவின் வடபகுதியில் மாரிக்காலம் வந்துவிட்டால், வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே 30 டிகிரிவரை இறங்குவது சாதாரணம். நம் வீட்டு ஐஸ்பெட்டியில் மீனையும் கோழியையும் உறைய வைக்கும் தட்டில்கூட 0க்குக் கீழே 18 டிகிரிதான் இருக்கும். அப்படியானால் அந்தக் குளிர் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்!

அந்தக் குளிரிலும் மனிதர்கள் வேலைக்குப் போகிறார்கள், வேட்டைக்குப் போகிறார்கள், கடைக்கும் மருத்துவமனைக்கும் போகிறார்கள். சாலை பனியில் புதைந்து கிடக்கும்போது அவர்களுக்குக் கைகொடுப்பது 'ஸ்னோமொபைல்' என்ற பனிவண்டி. முன்பக்கம் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்பக்கம் புல்டோசருக்கு இருப்பது போன்ற, ஆனால் ரப்பராலான, சுற்றும் பட்டை. நடுவே எஞ்சின். மோட்டார் சைக்கிளில் உட்காருவதுபோல் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து ஓட்ட வேண்டும்.

இந்த வண்டியின் கைப்பிடிக்கு முன்னால் ஒரு சிறு சிவப்பு விளக்கு உண்டு. எண்ணெய்க் குவளை போன்ற படம் அதில் போட்டிருக்கும். அந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள்? எரியாவிட்டால் என்ன பொருள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தவர் வீடு திரும்புவார். தெரியாதவர் நடுக்காட்டில் நிற்பார். குளிரோடு காற்றும் சேர்ந்துகொண்டால் மூடாத தோல் சில நிமிடங்களிலேயே உறையத் தொடங்கலாம். ஆகவே அந்த ஊரில் எஞ்சினைக் காப்பது என்பது உயிரைக் காப்பதுதான்.

ஒரு தந்தையின் துயரம்

பனிவண்டியின் கதையே ஓர் உயிரிழப்போடு பின்னிக் கிடக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூர். அங்கே மோட்டார் பட்டறை வைத்திருந்தவர் ஜோசப் அர்மான் பம்பார்டியே. 1907ல் பிறந்த இவர், 15 வயதிலேயே பழைய ஃபோர்டு கார் எஞ்சினைச் சறுக்கு வண்டியில் பூட்டி, பின்னால் விசிறி வைத்துப் பனியில் ஓட்டிக் காட்டியவர்.

1934ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் இவருடைய இரண்டு வயது மகன் இவான் குடல்வால் அழற்சியால் துடித்தான். மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால் ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலைகள் எல்லாம் பனியால் மூடிக் கிடந்தன. தந்தை செய்துகொண்டிருந்த பனிவண்டி ஓடும் நிலைக்கு இன்னும் வரவில்லை. பிள்ளை இறந்துபோனான்.

அதன்பிறகு அவர் ஓயவில்லை. பட்டையைச் சுற்ற வைக்கும் பற்சக்கர முறைக்கு 1937ல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய பெரிய பனிவண்டிகளைச் செய்து விற்றார். அவற்றிலும் பின்னர் வந்த பெரிய வண்டிகளிலும் நோயாளிகள் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். தபால் மூட்டைகள் போயின. 1959ல் ஓரிருவர் மட்டும் ஏறிச் செல்லும் 'ஸ்கி-டூ' என்ற சிறு பனிவண்டி வெளிவந்தது. 1964ல் அவர் மறைந்தார். ஆனால் 1968ல் அமெரிக்கரான ரால்ஃப் பிளெய்ஸ்டடும் அவர் குழுவினரும் பனிவண்டியிலேயே வட துருவத்தை எட்டினார்கள்.

டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக்

பனிவண்டிகளில் நெடுங்காலம் பெருவழக்காக இருந்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். நம் தோட்டங்களில் தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரத்தில் இருப்பதும் பெரும்பாலும் இதே வகைதான். அதற்கு நாம் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றுகிறோம். எண்ணெய் உள்ளே போய் உறுப்புகளை நனைத்துவிட்டுப் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். நீலப் புகையும் அந்த வாடையும் அதனால்தான். பிற்காலப் பனிவண்டிகளில் கலந்து ஊற்றும் தொல்லை இல்லை. எண்ணெய்க்குத் தனித் தொட்டி. அதிலிருந்து ஒரு பம்பு கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்கு அனுப்பும். எப்படியானாலும் எண்ணெய் எரிந்து தீரும் பொருள்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வேறு வகை. நம் கப்சாய் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இருப்பது அது. பட்டறைக்காரர் 'மினியாக் ஹித்தாம்' மாற்ற வேண்டும் என்பாரே, அந்தக் கறுப்பு எண்ணெய் இதற்குள்தான் இருக்கிறது. அது எரிவதற்காக ஊற்றப்படுவதில்லை. ஒரு பம்பு அதை உறிஞ்சி, மெல்லிய துளைகள் வழியாக எஞ்சினின் ஒவ்வொரு மூட்டுக்கும் அழுத்தித் தள்ளும். அங்கிருந்து வழிந்து வரும் எண்ணெய் மறுபடியும் பம்புக்கு வரும். நம் உடலில் இரத்தம் சுற்றுவது போலத்தான்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் டூ ஸ்ட்ரோக் பனிவண்டிகளின் புகை தாங்காமல், நுழைவாயில் ஊழியர்கள் முகக்கவசம் அணியும் அளவுக்கு நிலைமை போயிற்று. இத்தகைய காரணங்களால் 2000க்குப் பிறகு, புகை குறைந்த ஃபோர் ஸ்ட்ரோக் பனிவண்டிகள் பெருகின. யமஹா நிறுவனம் தன்னுடைய ஆர்1 என்ற வேக மோட்டார் சைக்கிளின் எஞ்சினைத் தழுவி, 998 சிசி கொண்ட ஆர்எக்ஸ்-1 என்ற பனிவண்டியை 2002ல் அறிமுகப்படுத்தியது. (பனிவண்டித் தொழிலிலிருந்தே விலகப்போவதாக அந்நிறுவனம் 2023ல் அறிவித்தது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளைப் பிற நிறுவனங்கள் தொடர்ந்து செய்கின்றன.)

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய் விளக்கு எரிந்தால், "தொட்டியில் கொஞ்சம்தான் மிச்சம், சீக்கிரம் ஊற்று" என்று பொருள். பெட்ரோல் முள் கீழே இறங்குவதைப் போன்றது அது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் அழுத்த விளக்கு எரிந்தால், "இப்போதே நிறுத்து" என்று பொருள். படம் ஒன்றுதான், பொருள் இரண்டு. பழைய வண்டியில் பழகிய ஒருவர் புதிய வண்டியில் ஏறி, "முகாமுக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம்" என்று ஓட்டினால், முகாம் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் இறுகிவிடும்.

அழுத்தத்தைப் பார்க்கும் சுவிட்சு

விளக்கை எரிய வைக்கும் உணர்கருவியைச் 'சென்சார்' என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளியது. ஃபோர் ஸ்ட்ரோக் பனிவண்டிகளில் இரண்டு வகைச் சென்சார்கள் உண்டு. ஒன்று எண்ணெயின் அழுத்தத்தைப் பார்க்கும். மற்றொன்று எண்ணெயின் மட்டத்தைப் பார்க்கும்.

முதலில் அழுத்தச் சுவிட்சு. கட்டை விரல் பருமனில், எஞ்சினின் எண்ணெய் வழியில் திருகி வைக்கப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு. சவ்வுக்குப் பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங். அதற்கு அடுத்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத் துண்டுகள். எஞ்சின் ஓடாதபோது எண்ணெயில் அழுத்தம் இல்லை. ஸ்பிரிங்கின் தள்ளலால் அந்த இரண்டு துண்டுகளும் தொட்டுக்கொண்டிருக்கும். பேட்டரியிலிருந்து விளக்குக்கு வந்த மின்சாரம் சுவிட்சு வழியாக எஞ்சின் உடம்புக்குப் போய்ச் சேரும். விளக்கு எரியும். அதனால்தான் சாவியைத் திருப்பியவுடனே, எஞ்சின் கிளம்புவதற்கு முன்பே, அந்த விளக்கு எரிகிறது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் சவ்வை அமுக்குகிறது. சவ்வு ஸ்பிரிங்கை அமுக்குகிறது. இரண்டு துண்டுகளும் பிரிகின்றன. மின்சாரம் அறுபட, விளக்கு அணைகிறது. அழுத்தம் குறைந்தால் மறுபடியும் துண்டுகள் சேரும், விளக்கு எரியும். இவ்வளவுதான் இரகசியம்! புதிய வண்டிகளில் இந்தச் செய்தி நேராக விளக்குக்குப் போகாமல் ஒரு சிறு கணினிப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி விளக்கை எரிய விடும்; சில வண்டிகளில் 'பீப்' என்ற ஒலியும் எழுப்பும்; எஞ்சின் வேகத்தையும் குறைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் மோட்டார் சைக்கிள் டயரில் சுமார் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். இந்தச் சுவிட்சுகள் பலவும் ஏறத்தாழ 5 பவுண்டு அழுத்தம் வந்தாலே திருப்தி அடைந்து விளக்கை அணைத்துவிடும். ஆனால் வேகமாக ஓடும் எஞ்சினுக்கு அதைப்போல் பல மடங்கு அழுத்தம் தேவை. ஆகவே விளக்கு அணைந்திருப்பதால் எண்ணெய் போதுமான அளவு இருக்கிறது என்று ஆகிவிடாது. "அடியோடு வற்றிவிடவில்லை" என்பது மட்டுமே அதன் செய்தி. விளக்கு எரியும் வேளையில் நிலைமை ஏற்கெனவே முற்றிப் போயிருக்கும்.

எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு, எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் ஒரு விநாடிக்கு 130 சுற்றுக்குமேல். எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் உலோகம் உலோகத்தோடு உரசும், சூடேறும், ஒட்டிக்கொள்ளும். அது நடக்க வெகுநேரம் வேண்டியதில்லை.

மட்டத்தைப் பார்க்கும் மிதவை

இரண்டாவது வகை, எண்ணெய்த் தொட்டியில் இருக்கும் மட்டச் சென்சார். நம் கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மிதவை இருக்கிறதல்லவா? தண்ணீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அதே வித்தைதான் இதுவும். மிதவைக்குள் ஒரு சிறு காந்தம். நடுவே உள்ள தண்டுக்குள், கண்ணாடிக் குழாயில் அடைத்த நுண்ணிய சுவிட்சு. எண்ணெய் குறைந்து மிதவை இறங்கும்போது, காந்தம் அந்தச் சுவிட்சை வேலை செய்ய வைக்கும். எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் இடையே தொடர்பே கிடையாது.

பல ஃபோர் ஸ்ட்ரோக் பனிவண்டிகளில் எண்ணெய், எஞ்சினின் அடியில் தேங்காமல் தனித் தொட்டியில் இருக்கும். மலைச்சரிவில் வண்டி சாய்ந்தாலும் பம்புக்கு எண்ணெய் தவறாமல் கிடைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. இருந்தாலும் செங்குத்தான சரிவில் ஏறும்போதும் வளைந்து திரும்பும்போதும் தொட்டிக்குள் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். மிதவை ஏமாந்துபோய் விளக்கைக் கணநேரம் எரிய வைக்கலாம். இதற்காகவே சில வண்டிகளின் கணினிப் பெட்டி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை எரிய விடும். சமதரைக்கு வந்த பிறகும் விளக்கு எரிந்தால் அது உண்மையான எச்சரிக்கை.

குளிர் செய்யும் குறும்பு

எண்ணெய் புட்டியில் '20டபிள்யூ-50' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'டபிள்யூ' என்ற எழுத்து மாரிக்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு கடுங்குளிரிலும் எண்ணெய் இளகி ஓடும். நம் நாட்டு வெயிலுக்கு 20 பொருந்தும். பனிவண்டிகளுக்கோ '0டபிள்யூ-40' போன்றவைதாம் ஏற்றவை. தடித்த எண்ணெயை அங்கே ஊற்றினால் கெட்டிப்பட்ட பாகுபோல் இறுகிவிடும். தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும், பம்பினால் உறிஞ்ச முடியாமல் எஞ்சின் பட்டினி கிடக்கும். அப்போது மட்டச் சென்சார் "எல்லாம் சரி" என்று சொல்லும். அழுத்தச் சுவிட்சுதான் உண்மையைச் சொல்லும்.

இதற்கு நேர்மாறான குறும்பும் உண்டு. வண்டியை அடிக்கடி கிளப்பி, எஞ்சின் நன்றாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிட்டால், எரியாத பெட்ரோலும் வியர்த்துச் சேர்ந்த நீரும் எண்ணெயில் கலந்துவிடும். அப்போது எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும்! மிதவைக்கு மகிழ்ச்சி, எஞ்சினுக்குக் கேடு. நீர்த்துப்போன எண்ணெய் உறுப்புகளைக் காக்காது. இதை எந்த மிதவையும் கண்டுபிடிக்காது. குச்சியை உருவிப் பார்க்கும் மனிதக் கண்தான் கண்டுபிடிக்கும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் சேர்ந்திருக்கிறது.

விளக்கு பொய் சொல்லுமா?

சொல்லும். அழுத்தச் சுவிட்சுக்குப் போகும் வயர் தேய்ந்து எஞ்சின் உடம்பில் பட்டால், எண்ணெய் நன்றாக இருக்கும்போதே விளக்கு எரியும். இந்தப் பொய்யால் பயம் வரும், கேடு வராது.

மற்றொரு பொய் பொல்லாதது. வயர் அறுந்துபோனாலோ இணைப்பில் துரு ஏறினாலோ, அழுத்தமே இல்லாதபோதும் விளக்கு எரியாது. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். திருப்பியதும் எரிய வேண்டும். எஞ்சின் ஓடிய சில விநாடிகளில் அணைய வேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும் பயணம் புறப்படக் கூடாது. விளக்கின் தொல்லை தாங்காமல் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, வீட்டுக் காவல்நாய் குரைக்கிறதே என்று அதன் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

வழியில் விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியவை: பாதுகாப்பான இடத்தில் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். வண்டிக்கு அடியிலும் வந்த தடத்திலும் பனிமேல் கறுப்பாக எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவுக் குச்சியைப் பார்த்துக் குறைந்திருந்தால் ஏற்ற எண்ணெயை ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகும் விளக்கு அணையாவிட்டால் எஞ்சினை ஓட்டாமல் மற்றொரு வண்டியால் இழுத்துப் போக வேண்டும். கடுங்குளிர் ஊர்களில் துணையில்லாமல் தனியே தொலைதூரம் போகாதே என்று சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

நம் வீட்டு எஞ்சின்

இதே மிதவை வித்தை நம் ஊரிலும் இருக்கிறது. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கொண்டுவரும் சிறு ஜெனரேட்டர்களைப் பாருங்கள். ஹோண்டாவின் சிறு எஞ்சின்கள் பலவற்றில் 'ஆயில் அலர்ட்' என்ற ஏற்பாடு உண்டு. எண்ணெய் மட்டம் குறைந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும். எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் கிளம்பாது. "மெஷின் கெட்டுவிட்டது" என்று பட்டறைக்குத் தூக்கிப் போகும் முன் எண்ணெயைப் பாருங்கள். மேடு பள்ளமான தரையில் சாய்ந்து நின்றாலும் இப்படி ஆகும்.

ஜெனரேட்டர் நின்றால் பந்தல் இருண்டுபோகும், அவ்வளவுதான். பனிவண்டி உறைந்த ஏரியின் நடுவே தானே நின்றால் அதில் இருப்பவரின் கதி என்ன? ஆகவேதான் அங்கே எச்சரிக்கையைக் கொடுத்து, எங்கே நிறுத்துவது என்ற முடிவை மனிதனிடம் விடுகிறார்கள்.

நம் கப்சாய் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எண்ணெய் விளக்கே கிடையாது. மிதவையும் இல்லை, அழுத்தச் சுவிட்சும் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியோடு ஒட்டியிருக்கும் சிறு குச்சி ஒன்றுதான் துணை. சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி, வண்டியோடு வந்த கையேடு சொல்லும் முறைப்படி அதைப் பார்த்துவிடலாம். துணியால் துடைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் தினமும் நம்மைச் சுமந்து போகும் வண்டி அது. அது இறுகிப்போனால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு பட்டறைக்குப் போய்விடும். வேலை நாளும் போய்விடும்.

கணினியும் சென்சாரும் பூட்டிய விலையுயர்ந்த பனிவண்டிக்காரருக்கும், புறப்படும் முன் குச்சியைப் பார் என்றுதான் கையேடு சொல்கிறது. விளக்கு பேசுவது கடைசியில். அதற்கு முன்பே நாம் பார்த்துவிட்டால், அது பேச வேண்டிய தேவையே வராது.